எரியாத கட்சி மட்டும் பேசுகிறது

தோட்டத்து நினைவுகளைச் சேகரிக்கக் கிளம்பியிருக்கும் நண்பர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

மாசியில் ரப்பர் மரம் இலை கொட்டும், பால் குறையும். அந்த வெயில் காலத்தில்தான் காமன் கூத்து. அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றுவார்கள், பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிப்பார்கள். விடிய விடிய அழும் ரதி, பகலில் பால்மரம் வெட்டும் ஓர் ஆண். இன்று பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து கோலசிலாங்கூர் வரை எந்தப் பெரியவரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அதெல்லாம் ஒரு காலம் தம்பி. எல்லாரும் ஒத்துமையா இருந்தோம்." நாமும் அதைப் பதிவு செய்து, சோக இசை சேர்த்து, பேஸ்புக்கில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

ஒத்துமையா? என் தாத்தா ரதி வேஷம் கட்டியவர். மூன்றாவது முறை கேட்டபோதுதான் வாயைத் திறந்தார். கம்பத்தை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று ஒரு வருஷம் அடிதடி. அடுத்த வருஷம் கூத்தே இல்லை. பாட்டி கணக்கு வேறு: "பொம்பளைக்கு ஏதுடா கூத்து? நாலு மணிக்கு எந்திரிக்கணும். லயத்துல படுத்துக்கிட்டே தப்புச் சத்தம் கேட்டதோட சரி." இந்த இரண்டையும் நான் பார்த்த எந்த நினைவுப் பதிவிலும் காணோம்.

பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் தோட்டம். பெயரே தமிழ். 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை பயிரானது அங்கேதான். அதைத் தொடங்கிய பிரெஞ்சுத் துரை ஹென்றி ஃபோக்கோனியே, மலாயா வாழ்க்கையை நாவலாக எழுதி 1930இல் கோன்கூர் பரிசு வாங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவர் பார்த்ததை அவர் எழுதினார். நம் ஆட்கள் பார்த்ததை நாம் எழுதவில்லை.

தஞ்சைப் பக்கம் காமன் பண்டிகைக்கு லாவணி பாடுவார்கள். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவே இல்லை என்று எதிர்க்கட்சி. நம் சேகரிப்பில் எரியாத கட்சி மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருக்கிறது. தோட்டத்தைத் துண்டு போட்டார்கள், ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள், லயத்துச் சனம் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் சிதறியது. காமன் எரிந்துதான் போனான். அதையும் யாராவது பாட வேண்டாமா?

நான் பொறியாளன். நின்றுபோன இயந்திரத்தைப் பற்றி 'நல்லா ஓடின மெஷின்' என்று எழுதி அறிக்கையை மூட முடியாது. ஏன் நின்றது என்று எழுத வேண்டும். ஆகவே கேளுங்கள்: ரதி கட்டியது யார் வீட்டுச் சேலை? வசூல் யார் கையில் இருந்தது? கங்காணி எங்கே உட்கார்ந்தார், யார் தள்ளி நின்று பார்த்தார்கள்? கடைசிக் கூத்து எந்த வருஷம்?

தாத்தாவுக்கு 81 வயது. ரதியின் ஒப்பாரியில் பாதி மறந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார், சீக்கிரம் போங்கள். இனிப்பான பதில் வந்ததும் ரெக்கார்டரை அணைத்துவிடாதீர்கள். அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.