ஈசிஆர் என்ன ரேஸ் டிராக்கா?

"சென்னை டு பாண்டி, ஒன்றரை மணி நேரம்!" என்று காலரைத் தூக்கிவிட்டுக் கொள்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. தூரம் சுமார் 150 கிலோமீட்டர். 100-ல் பறந்தால் ஒன்றரை மணி நேரம், 60-ல் போனால் இரண்டரை. ஆக லாபம் ஒரே ஒரு மணி நேரம்.

நஷ்டம்? கொஞ்சம் உள்ளே திரும்பினால் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை, கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரைக் கோட்டை, அப்புறம் மரக்காணம் உப்பளம்... எல்லாம் போச்சு. சரி, அது அவரவர் நஷ்டம்.

ஆனால் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவே மீனவக் குப்பங்கள் இருக்கின்றனவே? பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸுக்கும் ரோட்டைக் கடக்கிறவர்கள் அவர்கள். யாரோ மிச்சம் பிடிக்கும் ஒரு மணி நேரத்துக்கு அவர்கள் உயிரை ஏன் அடமானம் வைக்க வேண்டும்?

கடல் எங்கேயும் ஓடிவிடாது சாமிகளா, மெதுவாகவே போங்கள்!