இளம் பயிரும் இளம் பிள்ளையும்

பரமக்குடி வட்டாரத்தில் புழுதியில் நெல் விதைக்கும் விவசாயிகளுக்கு இது தெரிந்த சங்கதிதான். தண்ணீர் கட்டுவதற்கு முன் சில வயல்களில் இளங்குருத்து வெளுக்கும். மண்ணில் இரும்பு இருந்தாலும் பயிரால் எடுக்க முடியவில்லை என்று அறிந்து, அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிக்கிறோம். நாளைக் கடத்துவதில்லை.

வீட்டில் பிள்ளை வெளுத்தால் மட்டும், "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று இருந்துவிடுகிறோம். இது சரியல்ல.

2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை. 2015-16ல் இது 51 ஆக இருந்தது. சோகைக்குப் பல காரணங்கள் உண்டு. இரும்புச் சத்துக் குறைவு முக்கியமான ஒன்று.

தாயிடமிருந்து பெற்ற இரும்பு பிள்ளைக்குச் சுமார் 6 மாதம் வரைதான் காணும். தாய்க்கே சோகை என்றால் அதற்கு முன்பே தீரும். முதல் 2 ஆண்டுகளில்தான் மூளை வேகமாக வளர்கிறது. அப்போது இரும்பு குறைந்தால் கவனமும் கற்கும் திறனும் குன்றும். பின்னால் ரத்தம் ஊறினாலும், இந்த இழப்பு முழுவதும் ஈடாகாமல் போகலாம்.

குண்டு மிளகாயும் பருத்தியும் பணம் தரும். வீட்டுக்கென்று பத்து சென்ட் கம்பு போடுவதில் என்ன நஷ்டம்? 2014ல் நாடு முழுவதற்கும் வெளியான 'தனசக்தி' கம்பில் கிலோவுக்குச் சுமார் 71 மில்லிகிராம் இரும்பு உண்டு. இது வீரிய ஒட்டு ரகம் அல்ல. வேறு கம்பு அருகில் இல்லாமல் விளைந்தால், விதையை எடுத்து வைத்து மறுபடி விதைக்கலாம். வரப்போரம் ஒரு முருங்கையும் இருக்கட்டும். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடைப்படும்.

ஏற்கெனவே சோகை பிடித்த பிள்ளைக்கு உணவு மட்டும் போதாது. கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள். 6 மாதம் முதல் 5 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் வாரம் இருமுறை 1 மில்லி இரும்பு மருந்து கொடுப்பது அரசுத் திட்டம். மலம் கறுத்துப் போனால் பயந்து நிறுத்த வேண்டாம். உரக்கடை அன்னபேதியைப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது.

இதெல்லாம் பெண்கள் வேலை என்று ஒதுங்குவதும் தவறு. தெளிப்பு நாளை மறக்காத தகப்பனார், பிள்ளையின் மருந்து நாளையும் மறக்கலாகாது.