வாளி கொடுப்பார்கள், தோழியை?

"மேம், பெரு போறேன். இகிட்டோஸ்ல அயவாஸ்கா சடங்குல உட்காரப்போறேன். என்ன எதிர்பார்க்கலாம்?"

முன்னாள் மாணவி ஒருத்தியின் செய்தி. மணமுறிவுக்குப் பிறகு தூக்கம் தொலைத்தவள், மாத்திரையில் இருப்பவள். நான் அந்தக் கஷாயத்தைக் குடித்தவள் அல்ல, அதைப் பற்றி வாசித்தவள் மட்டுமே. ஆனாலும் அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பயண ஏற்பாட்டாளர்கள் சொல்வதில் பொய்யில்லை. ஒரு காட்டுக் கொடியையும் சக்ருனா இலையையும் பல மணி நேரம் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். இலையிலுள்ள டி.எம்.டி.யைத் தனியாக உட்கொண்டால் வயிற்றிலேயே சிதைந்துவிடும். சிதைக்கும் நொதியைக் கொடி தடுத்துவைக்கிறது. இந்த இணையைக் கண்டது அமேசான் பழங்குடிகளின் அறிவு. சடங்கு இரவில், மலோகா என்னும் ஓலைக்கூரைப் பெருங்குடிலில், இருட்டில் நடக்கும். ஆளுக்கொரு பாய், ஒரு வாளி. ஒரு மணி நேரத்துக்குள் ஏறத் தொடங்கி நான்கைந்து மணி நேரம் நீடிக்கும். வாந்தி வரும், அதைச் சுத்திகரிப்பு என்பார்கள். வைத்தியர் இகாரோ பாடுவார், புகையிலைப் புகையை உச்சந்தலையில் ஊதுவார். மனச்சோர்வு மாத்திரைகள் பலவற்றோடு இது சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. பயணத்துக்காக அந்த மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் ஆபத்துதான்.

சொல்லாமல் விடுவது வேறு.

அந்தக் கஷாயத்தைத் 'தாய்' என்று அழைக்கிறார்கள். ஆனால் மாதவிலக்கான பெண் சடங்கில் உட்காரக் கூடாது என்பது பல மையங்களில் விதி. தாயின் முன்னால் மகள் தீட்டு. இதைத் தெரிந்துகொள்ள அமேசான்வரை போவானேன்? நம் தெருமுனை அம்மன் கோயிலே போதாதா?

அடுத்தது இருட்டு. எழுந்து நிற்கவே முடியாத நிலையில் பெண்கள், அவர்களைத் தொடும் அதிகாரத்தோடு ஓர் ஆண். அது என்ன தொடுகை என்று மறுநாள் கேட்டால், 'அது மருந்து காட்டிய காட்சி' என்று சொல்லிவிடலாம். பெண்களை எச்சரிக்க சக்ருனா என்ற நிறுவனம் தனியாக ஒரு கையேடே வெளியிட்டிருக்கிறது. கையேடு தேவைப்படும் அளவுக்கு அத்துமீறல்கள் நடந்திருக்கின்றன. மயக்கத்தில் கிடைத்த சம்மதம் சம்மதமே அல்ல. அதை எந்த மரபும் மாற்ற முடியாது.

உடனே 'காட்டுமிராண்டிகள்' என்று கிளம்பும் பகுத்தறிவு அண்ணன்கள் சற்றுப் பொறுக்கட்டும். அத்துமீறுகிறவர்களில் வெளிநாட்டிலிருந்து வந்து திடீர் குருவானவர்களும் உண்டு. 1986இல் இந்தக் கொடியின் ஒரு வகைக்கு அமெரிக்கர் ஒருவர் காப்புரிமையே வாங்கினார். அமேசான் பழங்குடிகள் அதை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது. ஷிபிபோ வைத்தியரும் பாடல்களின் காவலருமான ஒலிவியா அரேவலோ, எண்பது வயது கடந்த பெண், 2018 ஏப்ரலில் தன் ஊரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சந்தேகிக்கப்பட்டவர் இந்த மருத்துவத்தைத் தேடி வந்த கனடாக்காரர். ஊரார் அவரை விசாரணையின்றி அடித்துக் கொன்றார்கள். வழக்குமன்றத்தில் பேசப்பட்டிருக்க வேண்டிய உண்மை அவரோடு புதைந்தது. மரபைக் காத்த ஒரு பெண்ணைக்கூட, அந்த மரபைத் தேடி வரும் கூட்டத்திலிருந்து காக்க ஆளில்லை.

எனவே என் சண்டை ஷிபிபோ மக்களோடு அல்ல. சடங்கைச் சந்தையாக்கிவிட்டு, அதில் பெண் உடலைப் பற்றிய கேள்வி எழுந்தால் மட்டும் 'மரபு' என்று வாயடைக்கும் தந்திரத்தோடு.

வகுப்பில் வெறியாட்டுப் பாடல்களை நடத்துகிறவள் நான். மகள் மெலிகிறாள், தாய் வேலனை அழைக்கிறாள். ஆடு பலியாகிறது. முருகு அணங்கியது என்கிறான் வேலன். நோயின் காரணம் முருகன் அல்ல, காதல் என்று தோழிக்குத் தெரியும். அந்தக் களத்தில் வாய் திறந்து உண்மையைச் சொல்லத் துணிகிறவள் அவள்தான். எந்தச் சடங்கைப் பற்றி வாசித்தாலும் என் கண் வேலனைத் தேடுவதில்லை, தோழியைத்தான் தேடுகிறது.

அவளுக்கு இப்படி எழுதினேன்: முதலில் உன் மருத்துவரிடம் பேசு. பிறகு அவர்களைக் கேள்: பாடப்போவது யார்? பெண் வைத்தியர் உண்டா? இரவு முழுக்கக் குடிக்காமல் விழித்திருக்கும் பெண் யார்? உடலைத் தொடுவதற்கு முன் கேட்பார்களா? நீ கட்டும் பணத்தில் அந்த ஊருக்கு எவ்வளவு? ஒரு கேள்விக்கு முகம் சுளித்தாலும் திரும்பி வந்துவிடு.

வாளியை அவர்கள் கொடுப்பார்கள். தோழியை நீதான் அழைத்துப்போக வேண்டும்.