வார்னிஷ் வேண்டாம், மாப்பிள்ளை

பழைய சாமான் கடையில் மாப்பிள்ளை வாங்கி வந்தது ஒரு துப்பாக்கிக் கட்டை. மெருகே ஏறாத வெறுங்கட்டை. பட்டாளத்தில் .303 தூக்கியவனுக்கு அடையாளம் தெரியாதா? தோளில் பதியும் பின்கட்டை தனித்துண்டு, நீளவாக்கில் போல்ட் துளை. அதே துளையில்தான் எண்ணெய்ப் புட்டியும் வைப்போம். லீ-என்ஃபீல்டுதான். மௌசர் என்றால் முன்னும் பின்னும் ஒரே கட்டையாக இருக்கும்.

வார்னிஷ் அடிக்கலாம் என்கிறார். கூடாது என்பது என் கட்சி. அது மேலே தோலாக நிற்கும், கீறினால் உரியும். ஆளிவிதை எண்ணெய் மரத்துக்குள் இறங்கும். தேய்ந்த இடத்தில் மறுபடி தடவினால் போதும். மெல்லிசாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்து, காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

"மாசக்கணக்கில் ஆகுமே மாமா!"

ஆகட்டும். இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், நான் தடவுகிறேன்.