ஒலிப்பது அறைதான்

ஹோம் தியேட்டர் வாங்கி மாட்டிய வீட்டில் ரிமோட் கையை விட்டு இறங்குவதில்லை. வசனம் புரியவில்லை என்று சத்தத்தைக் கூட்டுகிறார்கள். உடனே வரும் சண்டைக் காட்சியில் ஜன்னல் கம்பி அதிர, பதறிப்போய்க் குறைக்கிறார்கள். தமிழ்ப் படத்துக்கே சப்டைட்டில் போட்டுப் பார்க்கும் வீடுகள் உண்டு. அடுத்த கட்டம் தெரிந்ததுதான். திருச்சி சிங்காரத்தோப்புக் கடைகள் பக்கம் போய், இன்னும் வாட்ஸ் கூடுதலாக என்ன இருக்கிறது என்று விசாரிப்பார்கள். ஆனால் கடையின் டெமோ அறையில் அதே செட், அதே படத்தை மணிமணியாக ஒலித்துக் காட்டியிருக்கும். அங்கே தரையில் கார்ப்பெட், சுவரில் கனத்த துணி, உட்கார மெத்தென்ற சோஃபா. வீட்டிலோ வழுவழுவென்ற டைல்ஸ், பட்டி பார்த்த சுவர், தலைக்கு மேல் கான்கிரீட். செட் மாறவில்லை, அறை மாறிவிட்டது. ஸ்பீக்கருக்கு ஒதுக்கும் பணத்தில் கால்வாசியையாவது அறைக்குச் செலவிட வேண்டும், அதையும் ஸ்பீக்கர் வாங்கும் முன்பே செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

இது ரசனை சார்ந்த பேச்சு இல்லை, கணக்கு. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியக விரிவுரைக் கூடத்தில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. சொன்ன சொல் ஐந்தரை விநாடி வரை கூடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. சரிசெய்யச் சொல்லி வாலஸ் சேபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கிவரச் செய்து, எத்தனை மெத்தை போட்டால் முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார் அவர். அறையின் கொள்ளளவு கூடினால் முழக்கம் நீளும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும் என்ற அவருடைய சூத்திரம்தான் இன்றும் ஒலியரங்க வடிவமைப்பின் அரிச்சுவடி. நம் வீட்டுப் பன்னிரண்டுக்குப் பத்து அறையை, பத்தடி உயரத்தோடு, அதில் போட்டுப் பாருங்கள். சாமான் ஏதும் இல்லாத காலி அறையில் முழக்கம் கிட்டத்தட்ட மூன்று விநாடி நிற்கும். கட்டில், பீரோ, நாலு பேர் என்று நிரம்பினால் பாதிக்கும் கீழே இறங்கலாம். படம் பார்க்க அதுவும் போதாது, அரை விநாடிக்குள் வர வேண்டும். காரணம் பேச்சின் இயல்பில் இருக்கிறது. உயிரொலிக்கு வலுவும் நீளமும் உண்டு. க, த, ப போன்ற வல்லெழுத்துகள் வெடித்து நொடியில் மறைபவை. முந்தைய அசையின் உயிரொலி இழுபட்டுக்கொண்டே இருந்தால் அடுத்த வல்லெழுத்து அதில் அமுங்கிப்போகும். ஒலியைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தேதான் கூடும்.

சேபின் தம் அளவுக்கு எடுத்துக்கொண்ட அலகு, திறந்த ஜன்னல். வெளியே போன ஒலி திரும்பாது என்பதால் அதைவிடச் சிறந்த உறிஞ்சி கிடையாது. இந்தக் கண்ணோடு ஸ்ரீரங்கத்து உத்திர வீதி, சித்திர வீதிகளில் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளைப் பார்க்க வேண்டும். ரேழியைத் தாண்டினால் கூடம், நடுவில் வானம் பார்த்த முற்றம். கூடத்தில் பேசுவதில் ஒரு பங்கு முற்றம் வழியே மேலே போய்விடும்; மிச்சத்தை மர உத்தரமும் தூணும் ஓட்டுச் சரிவும் சிதறடிக்கும். அதே மனைகளில் இன்று எழும் அடுக்ககங்களில், ஏசி போட்டு ஜன்னலையும் சாத்தியபின் ஒலி போக வழியில்லை. பழைய வீடுகளைக் கொத்தனார்கள் ஒலியை நினைத்துக் கட்டினார்கள் என்று கதைவிட மாட்டேன். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வைத்த முற்றத்தில் ஒலிக்கும் விடுதலை கிடைத்தது, அவ்வளவுதான். வீதியில் சுவாமி புறப்பாட்டோடு போகும் நாகசுரம் காதுக்கு இதமாக இருக்கிறது. அதையே கல்யாண மண்டபத்துக் கான்கிரீட்டுக்குள் மைக் வைத்து ஊதினால், பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் பேச முடிவதில்லை.

பேஸ் ஒலியின் கதை வேறு. பத்தடி இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே சுமார் 57 ஹெர்ட்ஸ் ஒலி நின்று குமுறும். பத்துக்குப் பத்து சதுர அறையில் நீளமும் அகலமும் ஒரே சுருதியில் சேர்ந்துகொள்ளும்; உயரமும் பத்தடி என்றால் கேட்கவே வேண்டாம். சுவரை ஒட்டி உட்கார்ந்திருப்பவருக்கு நெஞ்சு அதிரும், அறை நடுவில் இருப்பவருக்கு அந்தச் சுருதி காணாமல் போகும். சப்வூஃபரை மூலையில் தள்ளிவைத்தால் இந்தக் குமுறல்கள் அத்தனையும் ஒருசேரத் தூண்டப்படும். நம் வீடுகளில் அதற்குக் கிடைக்கும் இடமோ, கண்ணை உறுத்தாது என்பதற்காக, மூலைதான். காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் நிறைந்த பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே அதைக் கொண்டுபோய் வையுங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. ஓர் அங்குல ஃபோமைச் சுவரெங்கும் ஒட்டுவது இதற்கு மருந்தாகாது. மெல்லிய பொருள் கீச்சொலியை மட்டும் விழுங்கும், பேஸை அப்படியே விட்டுவைக்கும். அறை இன்னும் மந்தமாகத்தான் ஒலிக்கும். முசிறிக் கோரைப்பாயை விரிப்பதும் தொங்கவிடுவதும் ஏறக்குறைய அதே கதை. நாலு அங்குலத் தடிமனுள்ள மெத்தை, பஞ்சு அடைத்த சோஃபா, புத்தகம் நிறைந்த அலமாரி ஆகியவற்றுக்குத்தான் வசனத்தைத் தெளிவாக்கும் வலு உண்டு. பேஸுக்கு இடமாற்றமே முதல் வைத்தியம்.

இப்போதைய ஆம்ப்ளிஃபயர்கள் மைக் வைத்துத் தானே அளந்து திருத்திக்கொள்கின்றனவே என்பது வலுவான மறுப்பு. பாதி உண்மை. எழும்பி நிற்கும் சுருதியை அவை தணிக்கும். இரண்டு அலைகள் மோதி ஒன்றையொன்று அழித்துக்கொண்ட இடத்தில் மின்சாரத்தை எவ்வளவு ஊட்டினாலும் ஒலி எழாது. நடுத்தர ஒலிகளில் சுவர்கள் திருப்பித் தரும் முழக்கத்தை எந்த மென்பொருளும் திரும்ப வாங்கிக்கொள்ளாது. அறை மீதே எல்லாப் பழியையும் போடலாமா என்றும் கேட்கலாம், நியாயமான கேள்வி. ஒரு ஸ்பீக்கரின் சிவப்புக் கறுப்பு ஒயர் மாறியிருந்தாலே பேஸ் இளைத்து, குரல் நடுவில் நிற்காமல் அலையும். வசனம் வரும் சென்டர் ஸ்பீக்கரை ஷோகேஸ் தட்டின் உள்ளே செருகியிருந்தால் பானைக்குள் பேசியது போலிருக்கும். இவற்றைப் பார்த்துவிட்டு அறைக்கு வருவதே முறை. அறையில் நின்று ஒருமுறை கை தட்டினால் போதும், விர்ரென்ற எதிரொலி சுவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். சித்திரை வெயிலில் வெந்து கிடக்கும் திருச்சியில் கார்ப்பெட்டும் கனத்த திரையும் யாருக்கு வேண்டும், தூசி வேறு என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். தரை முழுக்க விரிக்கத் தேவையில்லை, ஸ்பீக்கருக்கும் இருக்கைக்கும் நடுவில் ஒரு தடித்த ஜமக்காளம் போதும். ரெக்ஸின் சோஃபாவுக்குப் பதில் துணி உறை போட்டதை வாங்கினால் கூடுதல் செலவும் இல்லை. வாடகை வீட்டுக்காரருக்கும் இது ஒத்துவரும், ஆணி அடிக்க வேண்டியதில்லையே.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். அறைக்குள் முழக்கத்தைக் குறைப்பது வேறு, பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாமல் தடுப்பது வேறு. பின்னதைச் சுவரின் எடையும் கதவிடுக்கை அடைப்பதும்தான் செய்யும். மெத்தையும் ஃபோமும் உதவா. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வகுத்த வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு பத்துக்கு மேல் 45. 2016இன் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் ஒலியியலுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் அடுக்ககம் விற்பவரின் விளம்பரத்தில் இத்தாலிய மார்பிளைப் பற்றி இருக்கும், இரண்டு வீட்டுக்கு நடுச் சுவர் எத்தனை அங்குலம் என்பது இருக்காது. வாங்குபவர்கள் அதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். ஹோம் தியேட்டர் கடைக்காரரும், என்ன பட்ஜெட் என்று கேட்கும் முன், ஹாலின் நீள அகல உயரம் என்ன, தரையில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்கலாம். அப்படிக் கேட்கும் கடையில் இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.