நிர்வாகக் கல்லூரிகள் கடைத்தெருவுக்கும் வரட்டும்!



நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று எம்.பி.ஏ. படிக்கிறார்கள். அப்பா கல்லாவில் உட்கார்ந்து சேர்த்த பணத்தில் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிப் படிக்கிறார்கள். படித்து முடித்த பையன் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறான். அங்கே ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தில் மேசை, நாற்காலி, கணிப்பொறி எல்லாம் கொடுத்து உட்கார வைக்கிறார்கள். அவனுக்குக் கொடுக்கப்படும் முதல் வேலையே, அப்பாவின் கடை இருக்கும் தெருவில் உள்ள வியாபாரத்தை எப்படிப் பிடிப்பது என்று திட்டம் போடுவதாக இருக்கலாம். கேட்கும்போது சிரிப்பு வரும். சற்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும்.

ஆகவே, நிர்வாகக் கல்லூரிகளில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பது பேராசிரியர்களின் விவகாரம் மட்டுமல்ல. மளிகைக் கடைக்காரருக்கும் மண்டிக்காரருக்கும் அதில் அக்கறை இருக்க வேண்டும். அதனால்தான் இந்த இதழில் இதைப் பற்றி எழுதுகிறோம்.

கல்லூரிகள் எடுத்த உறுதிமொழி

2007-ம் ஆண்டு ஜூலை மாதம் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் ஒரு மாநாடு நடந்தது. அப்போது ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்தவர் பான் கி மூன். உலகின் பல நாடுகளைச் சேர்ந்த நிர்வாகக் கல்லூரித் தலைவர்கள் உட்பட அறுபது பேர் கொண்ட குழு தயாரித்த சில கொள்கைகள் அங்கே வெளியிடப்பட்டன. ‘பொறுப்புள்ள நிர்வாகக் கல்விக்கான கொள்கைகள்’ என்பது அவற்றின் பெயர். சுருக்கமாக ‘பிரைம்’ என்கிறார்கள். முதலில் ஆறாக இருந்த கொள்கைகள் பின்னர் ஏழாயின. நோக்கம், நெறி, கற்பித்தல், ஆராய்ச்சி, கூட்டுறவு, நடைமுறை, பகிர்வு என்று அவற்றைச் சொல்லலாம்.

லாபம் ஈட்டுவதை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதாது. அந்த லாபம் எப்படி வந்தது, அதனால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீங்கு, மண்ணும் நீரும் என்ன ஆயின என்பதையும் மாணவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதே இவற்றின் சாரம். உலகெங்கும் 800-க்கும் மேற்பட்ட கல்வி நிலையங்கள் இதில் கையொப்பமிட்டுள்ளன. ஜாம்ஷெட்பூரில் 1949-ல் தொடங்கப்பட்ட எக்ஸ்.எல்.ஆர்.ஐ. உட்பட இந்தியக் கல்லூரிகளும் இதில் சேர்ந்திருக்கின்றன. சேர்ந்தவர்கள் தாங்கள் செய்ததைப் பற்றி அவ்வப்போது அறிக்கை தர வேண்டும். தராவிட்டால் பெயர் நீக்கப்படும்.

இந்த ஞானோதயம் சும்மா வரவில்லை. 2001-ல் அமெரிக்காவில் என்ரான் நிறுவனம் பொய்க்கணக்கில் மூழ்கியது. அதை நடத்தியவர்களில் உலகப் புகழ் பெற்ற ஹார்வர்டில் எம்.பி.ஏ. படித்தவரும் இருந்தார். 2008-ல் பெரிய பெரிய வங்கிகள் சரிந்தன. மறு ஆண்டே ஹார்வர்டு மாணவர்கள், நேர்மையாகத் தொழில் செய்வோம் என்று தாங்களாகவே ஓர் உறுதிமொழி எழுதிக் கையொப்பமிட்டார்கள். நம் நாட்டில் 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளிப்பட்டது. அதன் இயக்குநர் குழுவில் பெயர் பெற்ற நிர்வாகப் பேராசிரியர்களும் இருந்தார்கள். படிப்பு இருந்தது, பட்டம் இருந்தது, நாணயம் இல்லை.

நமக்கு இது புதிதா?

நாணயம் என்ற சொல்லை நம் முன்னோர் எவ்வளவு அழகாக வைத்தார்கள் பாருங்கள்! கையில் இருக்கும் காசுக்கும் அதே பெயர். மனதில் இருக்கும் நேர்மைக்கும் அதே பெயர். ஒன்று போனால் மற்றொன்றும் போய்விடும் என்பதை வியாபாரிக்கு வேறு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பகல் அங்காடியும் இரவு அங்காடியும் நடந்ததாக மதுரைக்காஞ்சி சொல்லும் ஊர் இது. வணிகனுக்குரிய அறத்தை வள்ளுவர் எங்கே வைத்திருக்கிறார் தெரியுமா? பொருள் சேர்ப்பதைப் பற்றிய அதிகாரத்தில் அல்ல. நடுவுநிலைமை என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில். பிறர் பொருளையும் தன் பொருள்போல் கருதுவதே வாணிகம் என்பது அதன் கருத்து.

சொல்லோடு நின்றுவிடவில்லை, செய்தும் காட்டினார்கள். நமக்குத் தெற்கே விருதுநகரில் வணிகர்கள் தம் வியாபாரத்தில் ஒரு சிறு பகுதியை மகமையாக எடுத்து வைத்து, 1889-ல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். வீட்டுக்கு வீடு பிடி அரிசி கொடுத்தும் அந்தப் பள்ளியை வளர்த்தார்கள். பெருந்தலைவர் காமராஜர் படித்த பள்ளி அது. 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டம் வந்த பிறகுதான் பெரிய நிறுவனங்கள் தங்கள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற கட்டாயம் ஏற்பட்டது. எந்தச் சட்டமும் கேட்காமலேயே நம் முன்னோர் அதைச் செய்தார்கள். இன்றைய பாடப் புத்தகங்களில் மகமைக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பேராசிரியர்களைப் பணிவுடன் கேட்கிறோம்.

கூட்டுறவு யாரோடு?

கல்லூரிகளின் ஏழு கொள்கைகளில் ‘கூட்டுறவு’ என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றித்தான் நமக்குக் குறை. தொழில் துறையோடு சேர்ந்து பணியாற்றுவோம் என்கிறார்கள். தொழில் துறை என்றால் பெரிய கம்பெனிகள் என்றே பொருள் கொள்கிறார்கள். நம்மைக் குறிக்க ‘அமைப்பு சாராத் துறை’ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். சங்கம் வைத்து, சந்தா கட்டி, வரி கட்டி, உரிமம் புதுப்பித்து நடத்தும் வியாபாரம் எப்படி அமைப்பு சாராததாகும்?

சில காலத்துக்கு முன் கீழமாசி வீதியில் நம் உறுப்பினர் ஒருவர் கடைக்கு இரண்டு மாணவர்கள் வந்தார்கள். கையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட கேள்வித்தாள். கம்ப்யூட்டர் பில் போடுகிறீர்களா, குளிர்சாதன வசதி உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு, “வாடிக்கையாளர் பற்றிய தகவல் திரட்டி வைத்திருக்கிறீர்களா ஐயா?” என்றார்கள். அவர் பற்று நோட்டை எடுத்துப் போட்டார். “இதுதான் தம்பி. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துச் சின்னக் கடைக்காரங்க எல்லாரும் இதுல இருக்காங்க. மழை இல்லாத வருஷம் யார் திருப்பித் தருவாங்க, யாருக்கு ரெண்டு மாசம் பொறுக்கணும்னு எனக்குத் தெரியும். கொரோனா சமயத்துல இந்த நோட்டை வச்சுத்தான் அவங்க கடையைத் திறந்தாங்க” என்றார். மாணவர்கள் கேள்வித்தாளைப் புரட்டினார்கள். அதை எழுதிக்கொள்ள அதில் இடம் இல்லை.

பிள்ளைகள் மீது குற்றம் இல்லை. கேள்வித்தாள் தயாரித்தவர்களுக்குப் பற்று நோட்டு தெரியவில்லை. பொறுப்புள்ள நிர்வாகம் என்று பேசுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இருக்கின்றன.

அடக்க விலைக்கும் கீழே மாதக்கணக்கில் விற்று, முதலீட்டாளர் பணத்தில் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு, பத்து நிமிடத்தில் வீட்டுக்கே சரக்கு அனுப்புகிறார்கள். அக்கம்பக்கத்துக் கடைகள் மூடிய பிறகு விலை என்னவாகும்? இது திறமையா, பொறுப்பா? விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு 2024-ல் போட்டி ஆணையம் வரை கொண்டுபோன விவகாரம் இது. வகுப்பறையிலும் விவாதிக்கட்டுமே!

கெடு தேதி முடிந்த பிஸ்கட்டையும் மாவையும் திருப்பி எடுக்க மறுத்தால் அந்த நஷ்டம் யார் தலையில் விழுகிறது? ஐ.நா. 2015-ல் அறிவித்த 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் பன்னிரண்டாவது இலக்கு பொறுப்பான நுகர்வும் உற்பத்தியும். 2030-க்குள் சில்லறை விற்பனையிலும் வீடுகளிலும் வீணாகும் உணவைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். சில்லறை விற்பனை என்றால் நாம்தானே? நம்மைக் கேட்காமல் எப்படிக் குறைப்பார்கள்?

சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளையும் சிறு தொழில் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் வங்கிக் கடனில் முன்னுரிமை மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். கொடுத்த சரக்குக்குப் பணம் இழுத்தடிக்கப்பட்டால் அந்தப் பாதுகாப்பு நமக்கு இல்லை. இதுவும் நிர்வாகக் கல்விக்கு உரிய ஆராய்ச்சிதான்.

மதுரையே ஒரு பாடப் புத்தகம்

நல்ல பாடத்தைத் தேடி இவர்கள் எங்கும் போக வேண்டியதில்லை. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. கட்டணம் கொடுக்கக்கூடியவர் கொடுப்பதைக் கொண்டு, கொடுக்க முடியாதவருக்கும் அதே தரத்தில் சிகிச்சை. கண்ணுக்குள் பொருத்தும் லென்சு வெளிநாட்டில் விலை அதிகம் என்றதும், 1992-ல் அரோலேப் தொடங்கி இங்கேயே குறைந்த விலையில் தயாரித்தார்கள். ஹார்வர்டு நிர்வாகக் கல்லூரி 1993-ல் இதைப் பாடமாக எழுதி, உலகமெங்கும் மாணவர்கள் படிக்கிறார்கள். குறைந்த லாபம், நிறைந்த விற்பனை, தரத்தில் குறைவில்லை என்பது மொத்த வியாபாரிக்குத் தெரிந்த சூத்திரம்தான். அதைத் தர்மத்தோடு சேர்த்தார் அந்தப் பெரியவர்.

தியாகராசர் நிர்வாகக் கல்லூரி நம் ஊரில் இருக்கிறது. காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிராம வளர்ச்சிக்கான நிர்வாகத்தைக் கற்பிக்கும் தானம் அகாடமி மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருச்சியில் 2011 முதல் ஐ.ஐ.எம். நடக்கிறது. இவை தங்களுக்குள் கூடிப் பேசுவது நல்லது. கூடும் இடத்தில் வணிகர்களுக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும்.

நம் முதுகையும் பார்ப்போம்

அடுத்தவரிடம் பொறுப்பைக் கேட்கும் நாம் பொறுப்போடு இருக்கிறோமா? இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு நாணயம் இல்லை.

படியால் அளக்கும்போது ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று தொடங்குவது நம் மரபு. அந்த லாபம் வாங்குகிறவருக்கும் சேர வேண்டும் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்? தராசுக்கு முத்திரை வைக்காமல் காலம் கடத்துகிறவர்கள் இல்லையா? 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பைகள் கல்லாவுக்கு அடியில் இல்லையா? 2021 டிசம்பரில் அரசு மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கியபோது கைதட்டினோம். கடையில் எத்தனை பேர் பை கொண்டுவரச் சொல்கிறோம்? செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டக்கூடாது என்று விதி வந்த பிறகும் வடையும் பஜ்ஜியும் அச்சு மையோடுதானே போகின்றன?

கடைப் பணியாளர்கள் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் நம் மாநிலம் சட்டம் செய்தது. சட்டம் போட்டுத்தான் ஒரு நாற்காலி கொடுக்க வேண்டுமா? காலை முதல் இரவு வரை நின்று சரக்கு எடுத்துக் கொடுப்பவரும் ஒரு வீட்டின் பிள்ளைதான். நமக்குக் கால் வலிப்பதுபோல் அவருக்கும் வலிக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

நமது சங்கத்தின் பரிசீலனைக்குச் சில யோசனைகளை வைக்கிறோம்.

1. மாவட்டத்தில் உள்ள நிர்வாகக் கல்லூரிகளுக்குச் சங்கம் முறைப்படி கடிதம் எழுத வேண்டும். ஒவ்வொரு மாணவரும் இரண்டு வாரமாவது ஒரு மளிகைக் கடையிலோ மண்டியிலோ உட்கார்ந்து வேலை பழகட்டும். கொள்முதல், இருப்பு, கடன், வசூல் எல்லாவற்றையும் திறந்து காட்டுவோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

2. பதிலுக்கு அவர்கள் நமக்குக் கற்றுத் தரட்டும். ஜி.எஸ்.டி. கணக்கு, இருப்புக் கழிவைக் குறைப்பது, மின்சாரச் செலவு, உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆகியவை பற்றித் தமிழில், கடை மூடிய பிறகு மாலை வகுப்பு நடத்தட்டும். ஆங்கிலக் கேள்வித்தாள் வேண்டாம்.

3. கெடு தேதி முடிந்து வீணாகும் சரக்கு எவ்வளவு என்று பத்துக் கடைகளில் ஓராண்டு கணக்கெடுக்க வேண்டும். கையில் கணக்கு இருந்தால்தான் கம்பெனிக்காரர்களிடம் பேச முடியும்.

4. எடை, பை, பணியாளர் இருக்கை, வார விடுமுறை ஆகிய நான்கிலும் குறை வைக்காத கடைகளை ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினத்தன்று மேடையேற்றிப் பாராட்ட வேண்டும்.

இவற்றுக்குப் பெரிய செலவு ஆகாது. மனம்தான் வேண்டும்.

கடைக்கு வர மறுக்கும் பிள்ளைகளைப் பற்றி நாம் கூடும் இடமெல்லாம் புலம்புகிறோம். அப்பா செய்யும் தொழில் படிப்புக்கு ஏற்றதல்ல என்று அவன் நினைக்கிறான். அவன் படித்த எந்தப் பாடத்திலும் அப்பா இல்லை. கல்லூரி நம் கடையைப் பாடமாக எடுக்கும் நாளில், மதிக்கத்தக்க கடையாக அது இருக்க வேண்டும். முதல் பாதி அவர்கள் கையில் இருக்கிறது. இரண்டாவது பாதி நம் கையில் இருக்கிறது. அடுத்த பொதுக்குழுவுக்கு வரும்போது உறுப்பினர்கள் இதைப் பற்றி யோசித்துவிட்டு வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.