'வந்தேன்', 'போறேன்': நேரக் கணக்கு யார் கையில்?

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று, இன்டர்நெட்டும் வந்துவிட்டது. படம் பார்ப்பதைத் தவிர இதை வைத்து வேறு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன புரோகிராமைச் சிபாரிசு செய்கிறேன். வேலைக்குப் போனதும் செல்போனில் 'வந்தேன்' என்று ஒரு செய்தி. கிளம்பும்போது 'போறேன்' என்று இன்னொன்று. மாதக் கடைசியில் 'கணக்கு' என்று அனுப்பினால் இத்தனை நாள், இத்தனை மணி நேரம் என்று பதில் வர வேண்டும். அவ்வளவுதான்.

சாப்ட்வேர் கம்பெனிகளில் இது பழைய சங்கதி. ஸ்லாக் போன்ற அரட்டை சாப்ட்வேரில் சாய்கோடு போட்டு ஒரு சொல்லை டைப் செய்து என்டர் தட்டினால் நேரம் பதிவாகிவிடும். ஆனால் இது அதிகம் தேவைப்படுவது அங்கே அல்ல, எங்கள் விருதுநகர் மாவட்டத்தில்தான் என்பது என் கருத்து. சிவகாசியில் ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். அதிலிருந்து ஜனவரிக்குள் சரக்கை அனுப்பி முடிக்க வேண்டும். அந்த மாதங்களில் ஓடும் ஓவர்டைமுக்குக் கணக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் சூப்பர்வைசர் நோட்டில் என்றுதான் பதில் வரும்.

இதற்குத் தனியாக சர்வர் வாங்க வேண்டுமா? வேண்டாம். 'சர்வர்லெஸ்' என்று ஒரு முறை இருக்கிறது. பெயரைப் பார்த்து சர்வரே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிறது, நம்முடையது இல்லை. நாம் யாரும் வீட்டில் மாவு மில் வைத்திருப்பதில்லை. அரிசியைக் கொண்டுபோய், அரைத்த அளவுக்குக் கூலி கொடுத்துவிட்டு வருகிறோம். அதே கதைதான். அமேசான் நிறுவனம் 2014 நவம்பரில் லாம்ப்டா என்ற பெயரில் இதை அறிவித்தது. செய்தி வரும்போது மட்டும் உங்கள் புரோகிராம் விழித்து, வேலையை முடித்துவிட்டுத் தூங்கிவிடும். மாதம் 10 லட்சம் அழைப்புகள் வரை இலவசம். 100 பேர் 26 நாள் தினம் இரண்டு செய்தி அனுப்பினாலும் 5,200தான் ஆகிறது.

அரட்டைக்கு டெலிகிராம் போதும். 2015 முதல் அதில் யார் வேண்டுமானாலும் இலவசமாக 'பாட்' செய்துகொள்ளலாம். சாய்கோடு போட்ட கட்டளையை ஆங்கில எழுத்தில்தான் வைக்க விடுகிறார்கள். கவலை வேண்டாம், தனி அரட்டையில் சும்மா 'வந்தேன்' என்று தமிழில் அனுப்பினாலே பாட் படித்துக்கொள்ளும்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. லாம்ப்டாவின் கடிகாரம் நம்முடையதைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. டிசம்பர் 1 அதிகாலை 5 மணிக்கு ஒருவர் 'வந்தேன்' என்றால் அதற்கு அது நவம்பர் 30 இரவு 11.30. மாற்றிக் கணக்கிடாவிட்டால் அவருடைய உழைப்பு போன மாதக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். இன்னொன்று, பதில் சரியாகக் கிடைக்காவிட்டால் டெலிகிராம் அதே செய்தியைத் திரும்பவும் அனுப்பும். ஒவ்வொரு செய்தியுடனும் வரும் எண்ணைச் சரிபார்த்து, முன்பே வந்ததை ஒதுக்கிவிட வேண்டும்.

புரோகிராம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். பதிவு யாரிடம் இருப்பது என்பதில்தான் வம்பு. கம்பெனிகளுக்கு விற்கிற வருகைப் பதிவு சாப்ட்வேர்களில் முதலாளிக்கு எல்லாம் தெரியும், திருத்தவும் முடியும். வேலை செய்தவர் கையில் ஒன்றும் இருக்காது. இது எனக்குச் சம்மதமில்லை. 'வந்தேன்' என்று அனுப்பியவருக்கு உடனே நேரத்துடன் பதில் போக வேண்டும். அந்தப் பதில் அவர் போனிலேயே கிடக்கட்டும். பதிவை யாரும் அழிக்க முடியாதபடி எழுத வேண்டும். தவறு இருந்தால் கீழே இன்னொரு வரி சேர்க்கட்டும், யார் சேர்த்தார் என்ற பெயரோடு. வீட்டில் படுத்துக்கொண்டே 'வந்தேன்' என்று அனுப்பினால்? சூப்பர்வைசருக்கும் அதே செய்தி போகிறது. அன்றைக்கே மறுக்கலாமே!

இத்தனை பிடிவாதம் எதற்கு என்றால், மணிக்கணக்கில்தான் பணம் இருக்கிறது. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்து, கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்றது. நாடாளுமன்றம் 2020-ல் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அந்த இரட்டிப்பை விட்டுவிடவில்லை. வேலை நேரத்தை 12 மணி வரை நீட்ட வழிசெய்யும் மசோதா 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். சட்டம் எந்தப் பக்கம் போனாலும், எத்தனை மணிக்கு வந்தோம் என்று காட்ட முடியாதவருக்கு இரட்டிப்பு எப்படிக் கிடைக்கும்?

பட்டாசு ஆலைக்கு இதே முறை ஒத்துவராது. மருந்து இருக்கிற இடத்துக்குப் போனைக் கொண்டு போகவே கூடாது. பதிவு வெளிவாசலோடு முடிய வேண்டும். போனை ஒப்படைக்கும் முன் 'வந்தேன்', திரும்ப வாங்கியதும் 'போறேன்'. "எங்களுக்குப் பீஸ் ரேட்தானே, நேரம் எதற்கு?" என்று கேட்பார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படி ஒரு நாளில் முதல் கேள்வி, உள்ளே யார் யார் இருந்தார்கள் என்பது. நஷ்டஈடு கேட்கும்போது, அன்று அவர் வேலையில் இருந்தார் என்று குடும்பம் காட்ட வேண்டியிருக்கும். ஆபீஸ் அறையில் இருக்கும் நோட்டு அறையோடு எரிந்துபோகலாம். டெலிகிராமில் போன செய்தி எரியாது. அதனால் ஆலை வாசலில் இதை வைப்பவர்கள், சம்மதம் கேட்டுக்கொண்டு, பதில் செய்தியின் நகல் வீட்டில் ஒருவர் போனுக்கும் போகும்படி செய்துவிடுங்கள். புரோகிராமில் இரண்டு வரி கூடும், அவ்வளவுதான்.